இடப்பக்கத்து லாரி

"ஏம்மா, படம் ஏன் இவ்ளோ தள்ளி இருக்கு?"

நிவி இப்படிக் கேட்டபோது நான் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை மதியம். ரசம் தாளித்த வாசனை இன்னும் ஹாலை விட்டுப் போகவில்லை. தரையில் ஜமுக்காளம், மடியில் ஜாய்ஸ்டிக், எதிரே எங்கள் வீட்டுப் பழைய டியூப் டிவி. திரையில் என் பால் வண்டி கவிழ்ந்து கிடந்தது. உடைந்த பாட்டில்களிலிருந்து பால் வழிந்து சரிவில் ஓடிக்கொண்டிருந்தது.

நிவி என் மகள். ஏழாம் வகுப்பு. ஜியாமெட்ரி வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவள் ஸ்கேலோடு எழுந்துபோய் டிவி முன்னால் குனிந்தாள்.

"எங்க தள்ளி இருக்கு?" என்றேன்.

"இதோ. இந்தப் பக்கம் பூரா கறுப்பா இருக்கே." ஸ்கேலைத் திரையின் இடது ஓரத்தில் வைத்து அளந்தாள். கணக்கு டீச்சர் பெற்ற பெண் வேறு எப்படி இருப்பாள்? "ஆறரை சென்டிமீட்டர்மா. வலது பக்கம் மலையே பாதி வெட்டுப்பட்டுப் போச்சு."

பார்த்தேன். இருந்தது. நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. அதை அங்கே கொண்டுவந்து வைத்தது நான்தான். பத்துப் பன்னிரண்டு நாளாக, தினம் கொஞ்சம் கொஞ்சமாக. ஆனால் அது இவ்வளவு அகலமாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"பழைய டிவி இல்லையா, அப்படித்தான் இருக்கும். நீ போய் ஹோம்வொர்க்க முடி" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. உள்ளங்கை மட்டும் வேர்த்துவிட்டது.

ஏன் வேர்த்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போணியாகாத டப்பா

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். வீடு அஸ்தினாபுரம். நாற்பதைத் தாண்டி சில வருடங்கள் ஆகின்றன. யாரும் சீண்டாத பழைய வீடியோ கேம்களைத் தேடிப் பிடித்து வாங்கி விளையாடுவது என் பொழுதுபோக்கு. 'சாக்பீஸ் பிடிக்கிற கையில் இதெல்லாம் தேவையா?' என்று ஒரு வாசகர் சென்ற மாதம் எழுதியிருந்தார். தேவைதான் ஐயா.

தாம்பரம் மார்க்கெட் பக்கம், வெங்காய மண்டிக்குப் பின்னால் ஒரு சந்தில், பாய் கடை இருக்கிறது. மூடி இல்லாத மிக்ஸி ஜார், ஒயர் அறுந்த ஹெட்போன், எந்த டிவிக்கும் சேராத ரிமோட் என்று எல்லாம் கிடைக்கும். பெயர் பெற்ற கேம்களைப் பாய் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பார். மற்றவை மேஜைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் கிடக்கும். மீன் பிடிக்கும் ஆட்டம், ரயில் ஓட்டும் ஆட்டம், இட்டிலிக் கடை நடத்துவதற்கு நிகரான ஏதோ ஒரு நூடுல்ஸ் கடை ஆட்டம். நூறு ரூபாய்க்கு மூன்று.

"போணியே ஆவாத ஐட்டம் டீச்சர் அதெல்லாம். நீங்க ஒருத்தர்தான் குந்திக்கினு தேடுறீங்க" என்பார் பாய்.

அந்த டப்பில்தான் அதைப் பார்த்தேன். வெயிலில் வெளுத்து நீலமாகிப்போன அட்டை. அதில் ஒரு குட்டி வெள்ளை வேன், பின்னால் மலை. ஜப்பானிய எழுத்து. பெயர் என்னவென்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நாங்கள் வைத்த பெயர் 'பால் வண்டி'.

நாங்கள் என்றால் நானும் என் கல்லூரித் தோழி ஸ்டெல்லாவும். அப்போது மேற்குத் தாம்பரத்தில் மணிக்கணக்கு வாடகைக்கு கேம் விளையாடும் ஒரு கடை இருந்தது. நான்கு டிவி, ஒரு ஃபேன். மூன்று டிவியில் சண்டை ஆட்டமும் ஃபுட்பாலும் ஓடும். பையன்கள் முதுகில் முதுகு இடிக்க நிற்பார்கள். நான்காவது டிவி மூலையில் காலியாகக் கிடக்கும், ஏனென்றால் அதில் பால் வண்டி. யாருக்கும் வேண்டாத ஆட்டம் என்பதால் எங்களுக்குக் கிடைத்தது.

ஆட்டம் ரொம்ப எளிது. மலையூர். கீழிருந்து மேல்வரை வீடு வீடாகப் பால் போட வேண்டும். சந்துகளிலிருந்து லாரிகள் திடீரென்று குறுக்கே வரும். ஒரு உரசல் போதும், பாட்டில் உடையும். நான் ஒரு பாட்டில்கூட உடையாமல் உச்சி வரை போவேன். ஸ்டெல்லா பக்கத்தில் சமோசாவைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கண்ண எங்கடி வாங்கின?" என்பாள்.

அந்தப் பெருமையை நான் இருபது வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஓரம் தின்னும் டிவி

டியூப் டிவியில் பழைய கேம் ஆடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டிஸ்க்கைப் போட்டதும் ஆடத் தொடங்க மாட்டோம். முதலில் படத்தை நகர்த்துவோம். டியூப் டிவிகள் படத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். ஒன்றில் மேலே காணாமல் போகும், ஒன்றில் இடப்பக்கம். அதனால் கேமுக்குள்ளேயே படத்தை இப்படி அப்படித் தள்ளி வைக்க ஒரு வசதி கொடுத்திருப்பார்கள். அம்புக்குறியை அழுத்தி, ஓரம் தெரிகிறதா என்று பார்த்து, பிறகுதான் ஆட்டம்.

பால் வண்டியைப் போட்ட முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த டிவி இடப்பக்கத்தைத் தின்கிறது என்று. வலப்பக்கச் சந்திலிருந்து வரும் லாரியையெல்லாம் ஒழுங்காகத் தவிர்த்தேன். இடப்பக்கத்து லாரி மட்டும் வரவே வராது. வராமலே வந்து இடிக்கும்.

படத்தை வலப்பக்கம் தள்ளினேன். மறுநாளும் இடித்தது. இன்னும் தள்ளினேன். கேமில் தள்ளுவதற்கு இடம் தீர்ந்ததும், டிவி ரிமோட்டில் மெக்கானிக்குகள் மட்டும் பயன்படுத்தும் மறைவான மெனு ஒன்று உண்டு, அதைத் திறந்து அங்கேயும் தள்ளினேன். இதெல்லாம் தெரிந்து வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓரத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். சந்து, வீட்டுக் கூரை, பூந்தொட்டி வரை தெரியும். வண்டியை ஓட்டத் தொடங்கினால் அந்தப் பக்கம் போய்விடும். கறுப்பாகப் போகாது. மங்கலாகக்கூடப் போகாது. அங்கே எதுவுமே இல்லை என்றும் தோன்றாது. அப்படி ஒரு பக்கம் இருப்பதே நினைவுக்கு வராது.

டிஸ்க் கீறல் என்று முடிவு கட்டினேன்.

பாய் சொன்னது

டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. கடைக்குள் நுழையும்போது இடது தோள் ஷட்டர் ஓரத்தில் நன்றாக இடித்தது. தேய்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

"பாய், டிஸ்க் சரியில்ல. லெஃப்ட்ல லாரி வரமாட்டேங்குது."

"லாரி வராம போனா நல்லதுதானே டீச்சர்?"

"வராமலே இடிக்குது பாய்."

பாய் சிரிக்காமல் டிஸ்க்கை வேட்டியில் துடைத்து, கடை டிவியில் போட்டார். அது புது எல்.இ.டி டிவி. ஓரம் தின்னாது. ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் நின்று டீ குடித்தார். நான் ஓட்டினேன். இரண்டாவது சந்திலேயே இடி. பாட்டில் சத்தம்.

"பாத்தீங்களா?" என்றேன், வெற்றியோடு.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "டீச்சர்... லாரி வந்துச்சே. பச்சக் கலரு. ஹாரன் வேற அட்ச்சான். நீங்க பாக்கல."

"வரல பாய்."

"சத்தியமா வந்துச்சு. இன்னொருவாட்டி ஓட்டுங்க, சொல்றேன்."

ஓட்டினேன். அவர் "இதோ வருது, இதோ, இதோ" என்றார். நான் வண்டியை வளைக்கவில்லை. எங்கே என்றே தெரியவில்லை. இடித்தது. பாய் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று டிஸ்க்குக்கும் சேர்த்து நான் கொடுத்த நூறு ரூபாயைத் திருப்பித் தர வந்தார். "ஒண்ணும் வேணாம் பாய், நானே பாத்துக்கறேன்" என்று டிஸ்க்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர் மேல் கோபம். வியாபாரிக்கு என்ன தெரியும் என்று.

வூட்ல சொல்லிக்கினு வந்தியா

அந்த மாதத்தில் ரோட்டில் எனக்கு மூன்று முறை திட்டு விழுந்திருந்தது. மூன்றும் இடப்பக்கத்திலிருந்து.

ஒருமுறை இளநீர் வண்டிக்காரர். ஸ்கூட்டர் கண்ணாடியால் அவர் குலையைத் தட்டிவிட்டேன். ஒருமுறை சைக்கிளில் போன ஒரு பெரியவர். மூன்றாவது, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கியவர், நான் உரசிக்கொண்டு போனதும் கத்தினார்: "யம்மோவ், கண்ணு தெரியல? வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

நம் ஊரில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு இது வாரம் ஒருமுறை கிடைக்கும் ஆசீர்வாதம். யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. நானும் வைத்துக்கொள்ளவில்லை. பின்சீட்டில் நிவி என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அந்த அங்கிள் ஏம்மா கத்தறார்?" என்று கேட்டாள். "வெயில்" என்றேன்.

அந்த மூன்று முறையும் நிவி பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவின் மிரர்

என் அப்பா ஒரு தொழிற்சாலையின் ஸ்டாஃப் பஸ் ஓட்டினார். அப்போது நாங்கள் இரும்புலியூரில் இருந்தோம். விடிகாலையில் பஸ்ஸை எடுத்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். நிதானமான மனிதர். வீட்டில் குரல் உயர்த்திக் கேட்டதில்லை.

நான் பிளஸ் டூ படித்த வருடம் அவர் ஒரு விஷயத்துக்கு மட்டும் ஓயாமல் எரிந்து விழுந்தார். பஸ்ஸின் இடது மிரர். "மிரர் சரியில்ல. ஒண்ணுமே காட்டமாட்டேங்குது" என்பார். கம்பெனியில் சண்டை போட்டு மாற்றினார். மாற்றியதும் சரியில்லை. மறுபடியும் மாற்றினார். மூன்றாவதாகத் தன் செலவிலேயே, பெரிய அகல மிரராக வாங்கி மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அம்மா அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில், எங்கள் ஸ்டாப்பிலேயே, பஸ்ஸை ஓரம் கட்டும்போது முன்சக்கரம் ஒரு டிபன் பையின் மேல் ஏறியது. பைக்குச் சொந்தக்காரர் கடைசி நொடியில் காலை இழுத்துக்கொண்டார். செருப்பு மட்டும் போனது.

அப்பா பஸ்ஸை அங்கேயே நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டு, அந்த டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு நடந்து வந்தார். தட்டையாக நசுங்கிய எவர்சில்வர். ஓரத்தில் தயிர் சாதம் பிதுங்கியிருந்தது. கழுவி பீரோ மேல் வைத்தார். அதன் பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை. ஐந்தாறு வருடத்தில் முழுப் பார்வையும் போய்விட்டது.

கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பைச் சாப்பிடும் நோய். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. டாக்டர் அன்று அம்மாவிடம் தெளிவாகவே சொன்னார்: பிள்ளைகளுக்கும் வரலாம், வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் போனேன். பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம், நிவி. மறந்துவிட்டது என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. பயந்துதான் போகவில்லை.

ஆறரை சென்டிமீட்டர்

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நிவி ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மிரரை மாற்றிக்கொண்டே இருந்த மனிதரின் மகள், படத்தைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

எழுந்து பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னலில் நல்ல வெயில். குழாயின் மூக்கைப் பார்த்தபடி நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை ஆட்டினேன். கணக்குப் போட்டுப் பார்க்கும் புத்தி எனக்கு. வலது கை விரல்கள் ஆடுவது தெரிந்தது. இடது கை தெரியவில்லை. கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். இன்னும் இல்லை. இன்னும் இல்லை. குழாய்க்கு நேராக வரக் கொஞ்சம் இருக்கும்போது, திடீரென்று ஐந்து விரல்கள். என் விரல்கள்தான். யாரோ ஒருத்தி கையை நீட்டியதைப் போல அலறப் பார்த்தேன்.

வெளியே நிவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ரமேஷிடம் சொல்லவில்லை. என் கணவர். கிண்டியில் வேலை, ஏழு மணி ரயிலைப் பிடிப்பவர். காலாண்டுத் தேர்வு முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று எனக்கு நானே தேதி கொடுத்துக்கொண்டேன். பயம் எப்போதும் நல்ல காரணங்களோடுதான் வருகிறது.

திங்கட்கிழமை காலை, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அப்படி ஒரு பயணம் யாருக்கும் வேண்டாம். இருபது கிலோமீட்டர் வேகம்கூட இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தலையை இடது பக்கம் திருப்பினேன். திருப்பினால் அங்கே ஆட்கள் இருந்தார்கள். பூக்காரம்மா, நாய், இரண்டு யூனிஃபார்ம் குழந்தைகள். முன்னால் பார்த்தால் யாருமே இல்லை. மறுபடி திருப்பினால் ஒரு தண்ணீர் லாரி, கை எட்டும் தூரத்தில், என்னோடு கூடவே வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக வந்ததோ.

"ஏம்மா தலைய ஆட்டிக்கிட்டே ஓட்டற?" என்றாள் நிவி.

ஒரு மருந்துக் கடை வாசலில் நிறுத்தினேன். "இறங்கு." சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டேன். மீதி தூரம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனோம். வண்டி பஞ்சர் என்று நிவியிடம் சொன்னேன். அவள் இரண்டு டயரையும் அழுத்திப் பார்த்தாள்.

பள்ளிக்கூட வாசலில் நின்று ரமேஷுக்கு போன் செய்தேன்.

மஞ்சள் புள்ளி

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை இருக்கிறது. செய்தவர்களுக்குத் தெரியும். இருட்டு அறை. ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்க வேண்டும். ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, கையில் ஒரு பட்டன் தருவார்கள்.

"நடுவுல மஞ்சப் புள்ளி தெரியுதா மேடம்? அதையே பாருங்க. கண்ண அசைக்கக் கூடாது. எங்கயாவது லைட் வந்தா பட்டன அழுத்துங்க" என்றாள் அந்தப் பெண். நிவியைவிடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானே. இருபது வருடமாக நான் செய்வது இதைத்தானே.

வலப்பக்கம் ஒரு புள்ளி. டிக். மேலே ஒன்று. டிக். கீழே, மங்கலாக. டிக். அப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். இயந்திரம் உள்ளே ஏதோ நகரும் மெல்லிய சத்தம் மட்டும். இன்னும் வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த நிமிடம் என் இடப்பக்கத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைகின்றன. அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது. இயந்திரத்துக்குத் தெரிகிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. எத்தனை தவறவிட்டேன் என்பதுகூடத் தெரியாது. பச்சை லாரிகள் வரிசையாக வந்து இடித்துக்கொண்டிருந்தன, சத்தமே இல்லாமல்.

அப்போது நான் செய்ததை எந்தக் கணக்கு டீச்சரும் செய்யக் கூடாது. ஏமாற்றினேன். விளக்கு வரும் இடைவெளி பிடிபட்டுவிட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணி, தெரியாத இடத்திலும் அழுத்தினேன். டிக். டிக். டிக். கேம் ஆடிப் பழகிய கை.

இயந்திரம் நின்றது. அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னாள். "மேடம், லைட்டே போடாதப்பவும் அழுத்தறீங்க. மெஷின் நடுநடுவுல சும்மா விட்டுப் பாக்கும். தெரியலன்னா அழுத்தாதீங்க மேடம், பரவால்ல. திரும்ப எடுக்கலாமா?"

திரும்ப எடுத்தோம். இந்த முறை ஏமாற்றவில்லை. அந்த மௌனங்கள் ஒவ்வொன்றையும் முழுதாக உட்கார்ந்து கேட்டேன். என் வாழ்க்கையில் நான் ஆடிய ஆட்டங்களில் அதைவிடப் பயந்த ஆட்டம் கிடையாது.

தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். இடது கண்ணில் பாதிக்கு மேல் கறுப்பு. வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்துதான் என் இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டன. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசினார்.

"போனது திரும்ப வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம். ஒருநாள்கூட சொட்டு மருந்து போடாம இருக்கக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது."

"சரிங்க டாக்டர்."

"பசங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு."

"கூட்டிட்டு வாங்க."

படியில்

அடுத்த வாரமே நிவியைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை நான் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில். கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து பட்டன் சத்தம் கேட்டது.

டிக். டிக்.

ஒரு இடைவெளி. சும்மா விட்டுப் பார்க்கிறதா, இல்லை, விளக்கு வந்து இவளுக்குத் தெரியவில்லையா? கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிக். உட்கார்ந்தேன். மறுபடி இடைவெளி. மறுபடி எழுந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார்.

நிவி சிரித்துக்கொண்டே வந்தாள். "ஈஸிம்மா. ஆனா ஸ்கோரே காட்டமாட்டேங்குது. போர் கேம்."

அவள் தாள் முழுக்க வெளுப்பாக இருந்தது. இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடா வருடம் வர வேண்டும் என்றார் டாக்டரம்மா. இப்போதைக்கு என்ற அந்தச் சொல்லை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்தோம். சாயங்காலம், ஆபீஸ் விட்ட கூட்டம். நிவி என் வலப்பக்கத்தில் ஃபைலை மார்போடு அணைத்தபடி, மஞ்சள் புள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நடைமேம்பாலப் படியில் நெரிசல். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போனார்கள். கைப்பிடியைப் பிடித்து மேலே வந்து, வலப்பக்கம் திரும்பினேன்.

நிவி இல்லை.

பின்னால் பார்த்தேன். தலைகள். முன்னால் ஓடிப் பார்த்தேன். வேறு பள்ளிக்கூடத்துப் பெண்கள். கீழே ஒரு ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. "நிவி!" என்று கத்தினேன். அடிவயிற்றிலிருந்து வந்தது. பத்துப் பேர் திரும்பினார்கள்.

கூடையோடு வந்த ஒரு அம்மா நின்று கேட்டார். "இன்னாம்மா ஆச்சு?"

"பொண்ணக் காணோம். இப்பதான், என்கூடத்தான் வந்தா..."

அந்த அம்மா என்னை வினோதமாகப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்தார்.

என் இடது முழங்கையை ஒரு கை தொட்டது.

"அம்மா. இங்கதாம்மா இருக்கேன்."

தலையை முழுதாகத் திருப்பிய பிறகுதான் வந்தாள். ஒரு அடி தள்ளிக்கூட இல்லை. ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்துப்போய் நின்றாள். நான் கத்தியதில் பயந்துவிட்டாள்.

"இந்தப் பக்கம் எப்படி வந்த?"

"படியிலேயே வந்துட்டேன். ஒருத்தர் தலைல பெரிய மூட்டையோட இந்தப் பக்கம் எறங்கி வந்தார். நீ பாக்கல. அதான் நடுவுல வந்து நின்னேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குரோம்பேட்டை வரும்வரை விடவில்லை. கை என் கைக்குள்தான் இருந்தது, வேர்த்து, சூடாக. இருந்தும் மூன்று முறை தலையைத் திருப்பி, இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டேன்.